பல்புப் பலகையைச் செய்தவள்

தம்பி,

நேற்றுக் காலை நீ அப்பாவிடம் பேசியதை நான் அடுப்படியில் நின்று கேட்டேன். பெங்களூரில் உன்னோடு வேலைக்குச் சேரப்போகிறவர்களில் நம் ஊர்ப் பையன் ஒருவனும் இருக்கிறான் என்று தெரிந்ததிலிருந்தே உனக்கு முகம் சரியில்லை. "அவன் அங்க வந்தும் போர்டு கதையச் சொல்லுவாம்ப்பா. தெரியாத வேலையில ஏன் கைய வெச்சீங்க? மைக் செட்டோட நின்னிருக்கலாம் இல்ல?" என்றாய். அவர் சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் வெளியே வந்து பேசியிருக்க வேண்டும். வரவில்லை. கொதிக்கிற குழம்பைக் கிளறிக்கொண்டே நின்றேன். பேச வேண்டிய நேரத்தில் இப்படி நிற்பது எனக்குப் புதிதல்ல. அந்த வெட்கத்தில்தான், ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

தேரடியில் எரிந்த அந்தப் பல்புப் பலகையைச் செய்தது உன் அப்பா இல்லை. நான். இதை உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒருமுறை சொன்னேன். "போம்மா, அப்பாவுக்காகப் பொய் சொல்லாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஊரே நம்பாததைக் குழந்தை நம்பவில்லை என்று உன்மேல் குறை சொல்ல முடியுமா? இப்போது நீ கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் அதே மாதிரி வேலைக்குப் போகிறாய். அதனால் முழுக்கச் சொல்கிறேன். கேட்டால் உனக்கே உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும்.

நான் மெட்ராசில் பாக்டரிக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். கம்பி பற்றவைக்கிற வேலை என்று நினைத்திருப்பாய். உண்மையில் அப்படித்தான் தொடங்கியது. டிப்ளமா முடித்த பெண்களை அம்பத்தூரில் ரேடியோ போர்டுகளைப் பற்றவைத்துச் சோதித்துப் பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். பிறகு நூல் ஆலைகளுக்கு மெஷினை ஓட்டி நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்ய ஆரம்பித்தார்கள். அந்தப் பெட்டிக்குள்தான், அதற்கு மூளை மாதிரி இருக்கும் 8080 என்ற மைக்ரோபிராசசரை முதன்முதலில் பார்த்தேன். அதற்கு மூன்று விதமான வோல்டேஜ் கொடுக்க வேண்டும், பக்கத்தில் துணைக்கு வேறு இரண்டு ஐ.சி. சில்லுகள் வேண்டும். கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி அதற்கு அத்தனை உபசாரம். எங்கள் சூப்பர்வைசர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதன் வம்ச வரலாற்றைச் சொல்வார். ஒரு மேசைக் கால்குலேட்டருக்காக 4004 வந்தது, அதற்குப் பிறகு 8008, அதன் வாரிசு 8080. அதைச் செய்த கம்பெனியிலிருந்தே பிரிந்து போன பங்காளிகள் Z80 என்று ஒன்றைச் செய்தார்கள், 8080-க்கு எழுதியதை அதுவும் அப்படியே படிக்கும் என்பார். கொஞ்ச காலத்தில் 8085 வந்தது. பேரில் இருக்கிற ஐந்து எதற்குத் தெரியுமா? ஐந்து வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும் என்பதற்கு. துணை ஐ.சி.களின் வேலையையும் அதுவே பார்த்துக்கொண்டது. தராசு, சிக்னல் விளக்கு, அச்சு மெஷின், கல்லூரிப் பாடம் எல்லாவற்றிலும் அது புகுந்தது அதனால்தான். நீ போகிற இடத்தில் 286, 386 என்று பேசுவார்கள். நடுவில் ஒரு 8086-ஐ வைத்துப் பார்த்தால் எல்லாம் அதே வம்சம்தான். எனக்கு அந்த 8085-இன் மேல் ஒரு பைத்தியமே இருந்தது. அதற்கு எழுதும் ஒவ்வொரு கட்டளையையும் எண்ணாக மாற்றிக் கையாலேயே எழுதுவேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதும் மனசுக்குள் அதுதான் ஓடும்.

உன் தாத்தாவுக்குக் கால் விழுந்து, அடி அண்ணாமலையில் இருந்த நிலத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் போனபோது, நாம் ஊருக்கு வந்துவிட்டோம். வேலையை விட்டதற்கு நான் அழுதேன். அப்பா செங்கம் ரோட்டில் மைக் செட்டும் சீரியல் செட்டும் வாடகைக்கு விடும் கடை போட்டார். அவருக்கு எப்போதும் வாய் ஜாஸ்தி. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரிக்குத் தெரியாத எலக்ட்ரானிக்ஸ் கிடையாதுங்க" என்பார். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அப்படி அவர் பேசிய பேச்சில்தான் அந்த வேலை வந்தது. தீபத் திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் எத்தனையோ குழந்தைகளும் வயசானவர்களும் வழி தவறிப் போகிறார்கள். அவர்களை உட்கார வைக்க வேலூர் ரோட்டில் வேங்கிக்கால் பக்கம் ஒரு பந்தல், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு பந்தல். மைக்கில் கத்தினால் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கிறது? தேரடியில் பெரிய பல்புப் பலகை வைத்து, கிடைத்தவர் பெயரும் எந்தப் பந்தல் என்பதும் தமிழில் எரிந்தால் எப்படி இருக்கும் என்று அப்பா கடைத்தெரு வியாபாரிகளிடம் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் தலைவர், "யாருய்யா செய்யறது?" என்று கேட்டாராம்.

"என் வீட்டுக்காரிங்க. மெட்ராஸ்ல இதே வேலைதான் பாத்தாங்க."

"நல்லா சொன்ன போ. அப்ப சோறு யாரு ஆக்குவா, நீயா?"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, "சரிங்க, நான்தான்னு வெச்சிக்கோங்களேன். போர்டு எரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து இதை வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு வேடிக்கையாக இல்லை. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. என் பெயரை அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று மனசு கொதித்தது. ஆனாலும் வேலையை விட மனசில்லை. மெட்ராஸ் போய் ரிச்சி தெருவில் 8085 வாங்கி வந்தேன். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்தாக வரைந்து, எந்தக் கட்டத்தில் பல்பு எரிய வேண்டும் என்று குறித்தேன். ண-வுக்கு எத்தனை சுழி தாங்கும், ழ-வின் வால் எங்கே முடிய வேண்டும் என்று உன்னிடம்கூடக் கேட்டிருக்கிறேன். நீ "ழ நல்லா இல்லம்மா, கொக்கு மாதிரி இருக்கு" என்றாய். அப்பாவுக்கு எழுத்து வரைந்து கொடுக்கிறேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். அம்பத்தூரில் பழைய தோழி ஒருத்தி எழுத்து வடிவங்களையெல்லாம் அழியாத மெமரி ஐ.சி.யில் ஏற்றிக் கொடுத்தாள். பந்தல்களிலிருந்து வந்து சேரும் பெயர்களை நான் தட்டச் சின்னதாக ஒரு விசைப் பெட்டி. பலகையின் சட்டமும் பல்பும் ஒயரும் அப்பாவுடையது. ஏணியில் ஏறி அவர் கட்டுவதைத்தான் ஊர் பார்த்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உன் வேலைக்கு இது தேவைப்படும். 8085-இன் உடம்பிலிருந்து நீட்டியிருக்கும் கம்பிக் கால்களில் ட்ராப் என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் விழப்போகிறது என்றால் அதன் வழியாக முன்கூட்டியே சேதி சொல்லலாம். வேறு எந்த வேலையில் இருந்தாலும் பிராசசர் அந்தச் சேதியைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டவுடன் கையில் இருப்பதைப் பத்திரப்படுத்திவிட்டு நிற்கும்படி நாம் எழுதிவைக்கலாம். பாக்டரியில் எல்லாப் பெட்டியிலும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதற்கான சர்க்யூட்டும் பேட்டரியும் வைக்காமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. பலகைக்கு நான் அதை வைக்கவில்லை. தெரியாமல் இல்லை. திருவிழா நெருங்கிவிட்டது, சாமான் வாங்க மறுபடி மெட்ராஸ் போக வேண்டும், கொஞ்ச நாளைக்குத்தானே என்று அந்தக் கம்பிக் காலைக் கிரவுண்டில் பற்றவைத்து வாயை அடைத்துவிட்டேன். அப்பா பக்கத்திலிருந்து, "எல்லாம் சரியாதான இருக்கு?" என்று கேட்டார். "இருக்குங்க" என்றேன்.

கொடியேற்றத்திலிருந்தே பலகை ஒழுங்காக எரிந்தது. தமிழில் பெயர் எரிவதைப் பார்க்கவே ஜனம் கூடியது. காணாமல் போன பாட்டி ஒருத்தியைப் பேரப்பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். வியாபாரிகள் அப்பாவுக்குத் தேரடியில் சால்வை போட்டார்கள். அவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே விசைப் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில், "சால்வையை நீங்களே போத்திக்கோங்க" என்று குத்தினேன். அவர் அதை மடித்து என் தலையணைமேல் வைத்திருந்தார். நான் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். எனக்கு அவ்வளவு கர்வம் இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தீபத்தன்று சாயங்காலம். மலைமேல் தீபம் ஏறும் வரைக்கும் ஊரில் விளக்கை அடக்கி வைத்திருப்பார்கள், உனக்குத் தெரியும். ஜோதி தெரிந்ததும் அரோகரா என்ற சத்தம் எழும்பியது, அதோடு ஒவ்வொரு வீடும் கடையும் கோபுரமும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டன. பலகை ஒரு நொடி மங்கி, மறுபடி பளிச்சென்று எரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். மங்கியதைப் பார்த்தேன். நிறுத்திவிட்டு முதலிலிருந்து பெயர்களைத் தட்ட வேண்டும் என்று தோன்றவும் செய்தது. எரிகிறதே என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு நொடியில், எந்தப் பெயருக்கு எந்த இடம் என்று மெமரியில் இருந்தது கலைந்துவிட்டது. பலகை குப்பையாக எதையாவது காட்டியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். எழுத்து வடிவங்கள் அழியாத ஐ.சி.யில் இருந்ததால் அது அழகான எழுத்தில், தெளிவாக, தப்பைக் காட்டியது. மல்லிகா, செங்கம் ரோடு பந்தல் என்று எரிந்தது. அந்தக் குழந்தை இருந்தது வேங்கிக்கால் பக்கப் பந்தலில்.

மல்லிகாவுக்கு ஐந்து வயது. போளூர்ப் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா ஏழுமலை, நிலத்தில் பாடுபடுகிறவர். அவர் பலகையைப் பார்த்துவிட்டுச் செங்கம் ரோட்டுக்கு ஓடினார். அந்தக் கூட்டத்தில் ஓடுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். எதிரே மனிதச் சுவர். அங்கே அவள் இல்லை. வேறு யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டார். திரும்பி வந்தால் பலகையில் அதே பெயர், அதே இடம். மறுபடி ஓடினார். அவர் மனைவி தேரடியில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்ததே நான்தான். "போர்டுல இருக்குதும்மா, வந்துடுவா" என்று வேறு சொன்னேன். கடைசியில் வேங்கிக்கால் பந்தலிலிருந்து தொண்டர் ஒருவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பெயரைக் கூவியபடி வந்தபோதுதான் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் புரிந்தது.

குழந்தை கிடைத்த பிறகுதான் ஏழுமலைக்குக் கோபம் வந்தது. பலகையை நோக்கி வந்தார். அடுத்து நான் பார்த்தபோது அப்பாவின் சட்டைக் காலர் அவர் கையில் இருந்தது. "பொண்ணு போயிருந்தா இன்னாய்யா பண்ணியிருப்ப? பல்பு எரிய வுட்டு வெளையாடறியா?" என்று கன்னத்தில் அறைந்தார். கூட்டத்தில் இன்னும் சிலர் கைநீட்டினார்கள். அப்பாவுக்குச் சால்வை போட்ட தலைவர் பார்த்துக்கொண்டு நின்றார். நீ கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "தப்புதாங்க. என் தப்புதாங்க" என்று அப்பா கைகூப்பினார். நான் விசைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கை தூரத்தில் நின்றேன். பாராட்டு வந்தபோது என் பெயரைச் சொல்லவில்லை என்று கோபித்தவள், அடி விழுந்தபோது என் பெயரைச் சொல்லவில்லை.

அந்த வெட்கத்தோடு என்னால் இருக்க முடியவில்லை. திருவிழா முடிந்ததும் வியாபாரிகள் சங்கத்துக்கு நானே போனேன். பலகை என்னுடையது, தப்பு இன்னது என்று ட்ராப் காலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புருஷன விட்டுக்குடுக்காம பேசற பாரு, அது பெரிய மனசும்மா. அதுக்குன்னு அந்தாளு எழுதிக் குடுத்ததெல்லாம் மனப்பாடம் பண்ணினு வந்து ஒப்பிக்கணுமா?" என்றார். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் போனேன். அது இன்னும் ஏறியது. பொண்டாட்டியை அனுப்பிப் பழியைத் துடைக்கிறான் என்று கடைத்தெருவில் பேச்சு. நான் சொல்லச் சொல்ல அவர்தான் சிறுத்துப்போனார். இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் மைக் செட் வேண்டாம் என்று சொன்ன அன்று அவரே வாய்விட்டார்: "உன் பொட்டியால என் மைக்கும் போச்சு." ஒரே ஒரு தடவைதான் அப்படிச் சொன்னார். பிறகு தணிந்து, "நீ இனிமே யார்கிட்டயும் போய்ச் சொல்லாத. நம்பறவங்க யாரும் இல்ல. விடு, மறந்துடுவாங்க" என்றார்.

நான் விட்டேன். அவர் சொன்னதற்காக விட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சௌகரியமாக இருந்தது, அதனால் விட்டேன். ஊர் மறக்கவில்லை. போர்டுக்காரர் என்று பெயர் வைத்தது. நீ கடைப்பக்கம் போவதை நிறுத்தினாய். பள்ளிக்கூட விழாவுக்கு அவர் மைக் கட்ட வந்தால் நீ கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாய். ஒவ்வொரு தீபத்துக்கும் அவர் வாடகை வாங்காமல் பந்தலில் மைக்கைக் கட்டி, தொண்டை கட்டும் வரைக்கும் காணாமல் போனவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். "அசிங்கப்பட்ட எடத்துலயே போய் நிக்கறாரு" என்று நீ என்னிடம் சொன்னபோதும் நான் அடுப்பைத்தான் பார்த்தேன். ஒரு பிள்ளை தன் அப்பாவை மதிப்பதை நிறுத்துகிறான், தப்பு செய்தது அவர் இல்லை என்று அம்மாவுக்குத் தெரிகிறது, அவள் சும்மா இருக்கிறாள். பலகையில் நான் செய்ததைவிட இது பெரிய தப்பு. நீ எழுதும் புரோகிராமில் தப்பு வரும். எல்லோருக்கும் வரும். உன் தப்பு இன்னொருவர் தலையில் விடியும்போது அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே சொல்லிவிடு. சில நாள் கழித்துச் சொன்னால் அது வேறு ஏதோவாக ஆகிவிடுகிறது.

போன வாரம் நீ நண்பர்களோடு வெளியே போயிருந்தபோது ஏழுமலை கடைக்கு வந்தார். நான் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தலை நரைத்திருந்தது, எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மல்லிகா பெரிய பெண்ணாகிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு, மைக் செட் வேண்டும் என்று வந்திருந்தார். அப்பாவிடம், "அன்னிக்குக் கை நீட்டிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். அப்பா, "அட, அதெல்லாம் எப்பவோ. ஒக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்தினார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அந்த போர்டு நான் செஞ்சதுங்க. அவரு இல்ல" என்றேன். இவரும் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "தெரியும்மா. அன்னிக்கே தெரியும். அந்தப் பொட்டிய மார்ல அணைச்சிக்கினு நீங்க நடுங்கினு நின்னீங்களே, பாத்தாலே தெரிஞ்சிது. நான் உங்ககிட்டதான் வந்தேன். கேக்க வந்தேனா, அடிக்க வந்தேனா, எனக்கே தெரியாது. அவ்ளோ ஆத்திரம். இவருதான் அந்தாண்ட இருந்து கூட்டத்தத் தள்ளினு வந்து குறுக்க நின்னாரு."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்ததால் அவர் மாட்டிக்கொண்டார் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவர் பக்கத்திலேயே இல்லை. வந்து நின்றிருக்கிறார். அதை என்னிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை, "உன் பொட்டியால" என்று கத்திய அன்றும்கூட. இப்போதும் அவர் என் பக்கம் பார்க்காமல், "ஏழுமல, பெரிய ஹார்ன் ஸ்பீக்கரு ரெண்டு வேணுமா, சின்னது போதுமா? உங்க தெரு அகலம் கம்மிதான?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு வெளியே வந்து, ரோட்டோரம் நின்று அழுதேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நீ என்னை வெறுத்தால் அது நியாயம்தான். நான் தடுக்க மாட்டேன். நீ திங்கட்கிழமை கிளம்புகிறாய். ஞாயிறு விடிந்ததும் அப்பா டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போகிறார். நானும் போகிறேன். நான் தண்ணீர் கொடுத்த அந்தப் பெண், மல்லிகாவின் அம்மா, அவளிடமும் நானே நேரில் சொல்ல வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. அப்பாவுக்கு இப்போது முதுகு வலி. மரத்தில் ஏறி ஹார்ன் கட்ட அவரால் முடிவதில்லை, யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

டெம்போவில் பின்னால் இடம் இருக்கிறது.

அம்மா